மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்து: பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒவ்வொரு நான்கு ஆண்டுக்கும் இதே கேள்விகள்தான் திரும்பி வருகின்றன. 2023-ல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து நடத்திய போட்டியையே பெரும்பாலும் உதாரணமாக எடுத்திருக்கிறோம். 32 அணிகளோடு நடந்த முதல் மகளிர் உலகக் கோப்பை அதுதான். 2027-ல் பிரேசிலிலும் 32 அணிகள்தான்.

மொத்தம் எத்தனை ஆட்டங்கள்? கோப்பை வரை போக எத்தனை ஆட வேண்டும்?

32 அணிகள், நான்கு நான்காக 8 குரூப். ஒரு குரூப்பில் 6 ஆட்டம், ஆக 48. ஒவ்வொரு குரூப்பிலும் முதல் இரண்டு இடங்கள் நாக் அவுட்டுக்குப் போகும். அங்கே 16 ஆட்டங்கள். மூன்றாம் இடத்துக்கான ஆட்டமும் அதில் அடக்கம். மொத்தம் 64. இறுதி வரை போகும் அணி 7 ஆட்டம் ஆடும்.

2023-ல் ஏ, சி, இ, ஜி குரூப்புகள் நியூசிலாந்திலும், பி, டி, எஃப், எச் குரூப்புகள் ஆஸ்திரேலியாவிலும் ஆடின. நாக் அவுட் அட்டவணையும் அதே பிரிவில்தான் போனது. இதில் ஒரு வேடிக்கை உண்டு: ஒரே குரூப்பில் இருந்த ஜப்பானும் ஸ்பெயினும் மறுபடி சந்திப்பதானால் அது அரையிறுதியில்தான், இறுதியில் இல்லை. குரூப் ஆட்டத்தில் ஜப்பான் 4-0 என்று ஸ்பெயினைத் துவைத்து எடுத்தது. கால் இறுதியில் ஸ்வீடனிடம் 2-1 என்று தோற்று வீடு திரும்பியதும் அதே ஜப்பான்தான். துவைபட்ட ஸ்பெயின் கோப்பையை எடுத்தது.

புள்ளிகள் சமமானால் யார் மேலே? நேரடி ஆட்டத்தில் ஜெயித்தவர்தானே?

எங்களுக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். பதில்: 2023 விதிப்படி இல்லை. பார்க்கும் வரிசை இது.

1. எல்லா ஆட்டங்களிலும் சேர்த்து கோல் வித்தியாசம்
2. எல்லா ஆட்டங்களிலும் அடித்த மொத்த கோல்கள்
3. சமமாக நிற்கும் அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டத்தின் புள்ளிகள், பிறகு அதன் கோல் வித்தியாசம், பிறகு அதன் கோல்கள்
4. ஒழுக்கப் புள்ளிகள்: மஞ்சள் அட்டைக்கு 1 கழிவு, இரண்டாம் மஞ்சளால் வந்த சிவப்புக்கு 3, நேரடிச் சிவப்புக்கு 4, மஞ்சளும் அதன்மேல் நேரடிச் சிவப்பும் என்றால் 5
5. குலுக்கல்

நேரடி ஆட்டம் மூன்றாவது படியில்தான் வருகிறது. இந்த வரிசைக்கு நியூசிலாந்து கொடுத்த விலையைப் பாருங்கள். தொடக்க ஆட்டத்தில் ஆக்லாந்தின் ஈடன் பார்க்கில் நார்வேயை 1-0 என வீழ்த்தியது. உலகக் கோப்பையில் அந்த நாட்டு மகளிர் அணியின் முதல் வெற்றி. அடுத்து பிலிப்பைன்ஸிடம் 0-1 தோல்வி. கடைசி நாளில் டுனெடினில் சுவிட்சர்லாந்தோடு 0-0. அதே நேரத்தில் ஆக்லாந்தில் நார்வே, பிலிப்பைன்ஸை 6-0 என்று நொறுக்கிக்கொண்டிருந்தது. முடிவு: சுவிட்சர்லாந்து 5 புள்ளி, நார்வே 4, நியூசிலாந்து 4, பிலிப்பைன்ஸ் 3. நார்வேயின் வித்தியாசம் கூட்டல் 5, நியூசிலாந்துக்கு பூஜ்யம். தாங்கள் தோற்கடித்த அணி உள்ளே போக, போட்டியை நடத்தியவர்கள் வெளியே.

ஐரோப்பியக் கோப்பையில் நேரடி ஆட்டம்தான் முதலில் பார்க்கப்படும். அந்த விதி இருந்திருந்தால் நியூசிலாந்து போயிருக்கும். 2026 ஆண்கள் உலகக் கோப்பைக்கு, போட்டியை நடத்தும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவே நேரடி ஆட்டத்தை முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டது. ஆகவே பிரேசில் போட்டிக்குக் கணக்குப் போடத் தொடங்கும் முன் அதன் விதிநூலைத் திறந்து பார்த்துவிடுங்கள். பழைய நினைவை நம்பிப் பந்தயம் கட்ட வேண்டாம்.

கோல் வித்தியாசம் கூட்டல் 5 வைத்திருந்த ஜெர்மனி எப்படி வெளியேறியது?

கோல் வித்தியாசம் புள்ளிகள் சமமானால் மட்டும்தான் பேசும். ஜெர்மனி மொராக்கோவை 6-0 என்று வென்றது, கொலம்பியாவிடம் 1-2 தோற்றது, தென் கொரியாவோடு 1-1. மொத்தம் 4 புள்ளி. மொராக்கோவோ 0-6 தோல்விக்குப் பின் இரண்டு ஆட்டங்களைத் தலா 1-0 என்று எடுத்து 6 புள்ளி சேர்த்தது. அதன் வித்தியாசம் கழித்தல் 4. இருந்தும் உள்ளே போனது. ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் போட்டாலும் கிடைப்பது மூன்று புள்ளிதான். ஜெர்மனி மகளிர் உலகக் கோப்பையில் குரூப் சுற்றோடு வெளியேறியது அதுவே முதல் முறை.

குரூப்பின் கடைசி இரண்டு ஆட்டங்களை ஏன் ஒரே நேரத்தில் வைக்கிறார்கள்? ஒன்றைத்தான் பார்க்க முடிகிறது.

இன்னொரு ஆட்டத்தின் முடிவைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப ஆடக் கூடாது என்பதற்காக. 1982 ஆண்கள் உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும், 1-0 என்றால் இரண்டுமே தேறும் என்று தெரிந்து, கோல் விழுந்தபின் பந்தைச் சும்மா உருட்டிக்கொண்டிருந்தன. அதன்பிறகு வந்த ஏற்பாடு இது.

2027 ஆட்டங்கள் நமக்கு எத்தனை மணிக்கு?

போட்டி ஜூன் 24 முதல் ஜூலை 25 வரை. ரியோ, சாவ் பாவ்லோ, பிரேசிலியா, பெலோ ஹொரிசொன்ச்சி, போர்ட்டோ அலெக்ரி, சால்வடோர், ரெசிஃபி, ஃபோர்ட்டலேசா என எட்டு நகரங்களும் ஒரே நேர வலயத்தில் இருப்பது பெரிய நிம்மதி. இந்தியாவும் இலங்கையும் அவர்களைவிட எட்டரை மணி நேரம் முன்னால். அங்கே மதியம் 1 மணி என்றால் நமக்கு இரவு 9:30. அங்கே மாலை 6 என்றால் நமக்குப் பின்னிரவு 2:30. இரவு 9 மணி ஆட்டம் என்றால் நம் விடியற்காலை 5:30. சிங்கப்பூர், மலேசியாவுக்கு வித்தியாசம் 11 மணி நேரம். பலர் தவறவிடுவது தேதியை: அங்கே சனிக்கிழமை இரவு ஆட்டம் என்றால் நமக்கு ஞாயிறு விடியல். அலாரத்தை ஒரு நாள் முன்னாலேயே வைத்துவிட்டு, எழுந்து வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்போம்.

இந்தியா எப்போது ஆடும்? ஆசியாவிலிருந்து யார் போகிறார்கள் என்று எப்படி முடிவாகிறது?

ஆசியாவுக்குத் தனியாக உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று கிடையாது. மகளிர் ஆசியக் கோப்பைதான் வாசல். 2023-க்கான வாசல் 2022 ஜனவரியில் மும்பை, நவி மும்பை, புனேயிலேயே திறந்தது. இந்தியா போட்டியை நடத்துகிற அணி. ஈரானோடு 0-0. அடுத்து ஜனவரி 23 அன்று நவி மும்பையில் சீன தைபேயோடு ஆட வேண்டும். அணிக்குள் கொரோனா பரவி, விதி கேட்ட 13 ஆட்டக்காரர்கள்கூடத் தேறவில்லை. ஆட்டம் நடக்கவில்லை. அன்றைய சிறப்பு விதிப்படி இந்தியா போட்டியிலிருந்தே விலகியதாகக் கணக்கு வைக்கப்பட்டது. ஈரானோடு ஆடியதும் செல்லாது என்றானது. தோற்றுப்போய் வெளியேறியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

2027-க்கான வாசல் 2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆசியக் கோப்பை. அதன் ஏற்பாடு இப்படி: 12 அணிகள், அரையிறுதிக்கு வரும் நான்கும் நேராக பிரேசிலுக்கு. கால் இறுதியில் தோற்கும் நான்கும் இரண்டு ஆட்டம் ஆடி, ஜெயிக்கும் இரண்டும் நேராகப் போகும். தோற்கும் இரண்டுக்கும் கண்டங்களுக்கு இடையிலான பிளே ஆஃப் என்று இன்னொரு கதவு. அந்த 12-க்குள் நுழைய இந்தியா 2025 ஜூலை 5 அன்று சியாங் மாயில் தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என்று வென்றது. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். தகுதிச் சுற்று ஆடி ஆசியக் கோப்பைக்கு இந்திய மகளிர் அணி போனது அதுவே முதல் முறை.

மைதானம், பந்து, நேரம் எல்லாம் ஆண்கள் ஆட்டத்துக்கு உள்ளதேதானா?

அதேதான். கோல் கம்பங்களுக்கு இடையே 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பந்து 5-ஆம் எண், சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். 90 நிமிடம்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1991-ல் சீனாவில் 12 அணிகளோடு நடந்த முதல் போட்டியில் ஆட்டம் 80 நிமிடம்தான். "உலகக் கோப்பை" என்ற பெயரைக்கூட அப்போது கொடுக்கத் தயங்கி, ஒரு மிட்டாய் நிறுவனத்தின் கோப்பை என்று அழைத்தார்கள். 2015-ல் கனடாவில் எல்லா ஆட்டமும் செயற்கைப் புல்லில். ஆண்களின் உலகக் கோப்பையை இப்படி நடத்துவீர்களா என்று ஆட்டக்காரர்கள் வழக்கே போட்டார்கள். பந்து எம்பும் விதமே மாறும், சறுக்கித் தடுத்தால் தொடைத் தோல் உரியும்.

விஏஆர் (வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் குழு) எதையெல்லாம் பார்க்கும்? நடுவர் ஏன் மைக்கில் பேசுகிறார்?

2023-ல் நான்கே நான்கு: கோலா இல்லையா, பெனால்ட்டியா இல்லையா, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறி அட்டை காட்டியது. இரண்டாவது மஞ்சள் தப்பு என்று பட்டாலும் அப்போது விஏஆர் வாய் திறக்க முடியாது.

மானிட்டரைப் பார்த்தபின் முடிவை மைதானத்துக்கே ஒலிபெருக்கியில் சொல்லும் வழக்கம் இந்தப் போட்டிக்கு 2023-ல் வந்தது. தொடக்க ஆட்டத்திலேயே அதற்கு வேலை வந்துவிட்டது. நார்வே பெனால்ட்டிப் பெட்டிக்குள் பந்து கையில் பட்டதை ஜப்பான் நடுவர் யோஷிமி யமஷிதா திரையில் பார்த்துவிட்டு வந்து மைக்கில் அறிவித்தார். அந்தப் பெனால்ட்டியை ரியா பெர்சிவல் மேல் கம்பத்தில் அடித்தார் என்பது வேறு கதை. பிற்பாடு கோல் வித்தியாசம் பார்க்கப்பட்ட குரூப் அது. ஆனால் அந்த ஒரு கோல் விழுந்திருந்தாலும் நியூசிலாந்தைக் காப்பாற்றியிருக்காது.

ஆஃப்சைடு கோடுகளைக் கையால் இழுக்கும் காலமும் போய்விட்டது. கேமராக்கள் ஒவ்வொருவரின் உடலிலும் பல புள்ளிகளைத் தொடர்ந்து பின்தொடரும். பந்துக்குள் இருக்கும் சென்சார் விநாடிக்கு 500 முறை தகவல் அனுப்பும். பந்து உதைபட்ட கணம் அதில்தான் பிடிபடும்.

பெனால்ட்டியைத் தடுத்தபிறகும் ஏன் திரும்ப அடிக்கச் சொல்கிறார்கள்?

உதைக்கும் கணத்தில் கோல்கீப்பரின் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோல் கோட்டின் மேலோ, கோட்டுக்கு நேராகவோ, பின்னாலோ இருக்க வேண்டும். இரண்டு காலும் முன்னே வந்த நிலையில் தடுத்தால் செல்லாது.

இந்த விதி 2019-ல் பிரான்ஸ் போட்டியில் படுத்திய பாடு கொஞ்சமல்ல. விஏஆரும் மகளிர் உலகக் கோப்பைக்கு அப்போதுதான் புதிது. ஆட்ட வேகத்தில் நடுவர் கண்ணுக்குத் தெரியாத அரையடி, திரையில் பளிச்சென்று தெரிந்தது. அர்ஜென்டினாவுக்கு எதிராக 3-0 என்று முன்னிலை வகித்த ஸ்காட்லாந்து, 3-2 என்று இறங்கியபின் கடைசி நிமிடங்களில் ஒரு பெனால்ட்டி கொடுத்தது. கோல்கீப்பர் லீ அலெக்சாண்டர் தடுத்தார். கால் கோட்டை விட்டிருந்தது என்று திரும்ப அடிக்கச் சொன்னார்கள். இரண்டாவது உள்ளே போனது. 3-3, ஸ்காட்லாந்து வீட்டுக்கு. சமநிலையைப் பெனால்ட்டிகளால் தீர்க்கும் ஷூட் அவுட்டில் இதற்கெல்லாம் மஞ்சள் அட்டை காட்டினால் ஒரே கோல்கீப்பருக்கு இரண்டு மஞ்சள் விழுந்து வெளியேற நேரிடும் என்று பயந்து, நாக் அவுட் தொடங்கும் முன் அந்த மஞ்சளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள்.

ஸ்வீடன்-அமெரிக்கா ஷூட் அவுட்டில் கடைசிப் பந்தைத் தடுத்துவிட்டாரே, எப்படி கோல்?

2023 ஆகஸ்ட் 6, மெல்போர்ன். 120 நிமிடமும் 0-0. ஸ்வீடனின் லீனா ஹுர்ட்டிக் அடித்ததை அமெரிக்க கோல்கீப்பர் அலிசா நேயர் பாய்ந்து கையால் தட்டினார். பந்து செங்குத்தாக எழும்பி, சுழன்று, அவருக்குப் பின்பக்கம் கோட்டை நோக்கி விழுந்தது. மல்லாந்தபடியே இரண்டாம் முறை வெளியே தள்ளினார். தடுத்துவிட்டேன் என்று கை காட்டினார். ஹுர்ட்டிக்கோ கோல் என்று நடுவரிடம் ஓடினார். முடிவு செய்தது நடுவரின் கைக்கடிகாரம்: கோல் கோட்டைக் கண்காணிக்கும் கேமராக்கள் அதற்குத்தான் தகவல் அனுப்பும்.

பந்து முழுவதும் கோட்டைத் தாண்டினால்தான் கோல். கோட்டின் மேல் ஒரு இம்மி நின்றாலும் இல்லை. பந்து தரையில் பட்ட இடம் கணக்கில்லை, அதன் உருண்டைப் பக்கம் மேலிருந்து பார்க்கும்போது கோட்டின் வெளி விளிம்பைக் கடந்ததா என்பதுதான் கேள்வி. இங்கே கடந்தது, மில்லிமீட்டர் கணக்கில். 5-4. நான்கு முறை சாம்பியன் அமெரிக்கா அதுவரை ஒரு உலகக் கோப்பையிலும் முதல் மூன்று இடங்களுக்குக் கீழே இறங்கியதில்லை.

நீளமான ஷூட் அவுட் வேண்டுமென்றால் ஆஸ்திரேலியா-பிரான்ஸ் கால் இறுதி: ஆளுக்குப் பத்து, மொத்தம் 20 உதை, 7-6. அதுவரை ஆண்கள், மகளிர் எந்த உலகக் கோப்பையிலும் அவ்வளவு நீண்டதில்லை. பிரான்ஸ் ஷூட் அவுட்டுக்காகவே கோல்கீப்பரை மாற்றிப் பார்த்தது. பலிக்கவில்லை.

எத்தனை பேரை மாற்றலாம்? மஞ்சள் அட்டை எப்போது அழியும்?

2023 விதி இது: அணியில் 23 பேர், அதில் மூவர் கோல்கீப்பர். ஆட்டத்தில் 5 மாற்று, ஆனால் மூன்று தடவைக்குள் செய்துவிட வேண்டும். இடைவேளை அந்தக் கணக்கில் வராது. கூடுதல் நேரத்துக்கு இன்னொருவர். தலையில் அடிபட்டால் அதற்குத் தனி மாற்று. இரண்டு வெவ்வேறு ஆட்டங்களில் மஞ்சள் வாங்கினால் அடுத்த ஆட்டம் கிடையாது. கால் இறுதி முடிந்ததும் ஒற்றை மஞ்சள்கள் அழியும்.

மகளிர் ஆட்டத்தில் முழங்கால் காயம் ஏன் இவ்வளவு?

2023-க்கு வர முடியாமல் போனவர்களின் பட்டியலே ஒரு பலமான அணி: லியா வில்லியம்சன், பெத் மீட், விவியான மிடமா, கேட்டரினா மக்காரியோ. நால்வருக்கும் ஏசிஎல் என்ற முழங்கால் உட்தசைநார் கிழிவு. இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது என்பதில் சந்தேகமில்லை. காரணம் ஒன்றே ஒன்று என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இடுப்புக்கும் முழங்காலுக்கும் உள்ள கோணம், குதித்து இறங்கும் விதம், தொடைத் தசைகளின் பலம், ஆண் பாதத்துக்கு அளவெடுத்த பூட்ஸ், ஓய்வில்லாத அட்டவணை, மோசமான மைதானம் என எல்லாம் பேசப்படுகிறது. பெரும்பாலும் யாரும் மோதாமலேயே, ஓடி வந்து சட்டென நின்று திரும்பும்போது கிழிகிறது.

பள்ளி, கல்லூரி அணிகளுக்குப் பயிற்சி தருபவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு: ஃபிஃபா 11 பிளஸ் என்ற வார்ம் அப். சுமார் 20 நிமிடம், 15 பயிற்சிகள். முதலில் 8 நிமிடம் மெதுவான ஓட்டம். பிறகு 10 நிமிடம் பிளாங்க், தொடையின் பின்தசைப் பயிற்சி, ஒற்றைக்கால் நிலை, ஸ்குவாட், குதித்தல். கடைசி 2 நிமிடம் வேக ஓட்டமும் திசை மாற்றமும். வாரம் இரண்டு முறையாவது செய்தால்தான் பலன். பயிற்சியாளர் எதிரே நின்று பார்க்க வேண்டியது ஒன்றே: குதித்து இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்கிறதா? முழங்கால் பாதத்துக்கு நேரே நிற்க வேண்டும். எண்ணிக்கையை முடிக்கும் அவசரத்தில் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

பரிசுப் பணம் எவ்வளவு? ஆட்டக்காரர்கள் கைக்கு வருகிறதா?

2019-ல் 3 கோடி டாலர். 2023-ல் 11 கோடி. ஆண்களுக்கு 2022 கத்தாரில் 44 கோடி. அப்போது இடைவெளி நான்கு மடங்கு.

2023-ல் புதிதாக ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் என்று தொகை குறித்தார்கள். குரூப்போடு வெளியேறினாலும் ஆளுக்கு 30,000 டாலர், சாம்பியனுக்கு ஆளுக்கு 2,70,000. ஸ்பெயின் கணக்கு: 23 பேருக்கு 62.1 லட்சம், சங்கத்துக்கு 42.9 லட்சம், ஆக 1 கோடியே 5 லட்சம் டாலர். சிக்கல் எங்கே என்றால் பணம் அந்தந்த நாட்டுச் சங்கம் வழியாகத்தான் போகும். ஆட்டக்காரருக்கு நேரடியாகப் போய்ச் சேரும் என்று உறுதி சொல்ல முடியாது என்று போட்டிக்கு முன்னாலேயே ஃபிஃபா தலைவர் சொல்லிவிட்டார்.

2023 இறுதி ஆட்டத்தை எது முடிவு செய்தது?

29-ஆம் நிமிடத்தில் ஒரு பந்து. சிட்னியில் 75,784 பேர் முன்னிலையில் இங்கிலாந்தின் வலப்பக்கத் தடுப்பாளர் லூசி பிரோன்ஸ் பந்தோடு நடுக்களம் வரை உள்ளே ஓடிவந்து பறிகொடுத்தார். அவர் விட்டுவந்த பக்கம் காலி. ஸ்பெயின் உடனே பந்தை அங்கே மாற்றியது. மரியோனா தள்ளிக் கொடுக்க, இடப்பக்கத் தடுப்பாளர் ஓல்கா கார்மோனா தாழ்வாக, எதிர்மூலைக்கு அடித்தார். 1-0. இரண்டாம் பாதியில் ஸ்பெயினின் ஜெனி ஹெர்மோசோவின் பெனால்ட்டியை மேரி ஏர்ப்ஸ் பிடித்தும் இங்கிலாந்தால் எழ முடியவில்லை.

அதன்பின் பரிசளிப்பில் ஸ்பெயின் சங்கத் தலைவர் ருபியாலெஸ், ஹெர்மோசோவை அவர் சம்மதமின்றி முத்தமிட்டது ஆட்டத்தையே மறைத்துவிட்டது. அடுத்த மாதம் பதவி விலகினார். 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் பாலியல் அத்துமீறல் குற்றத்துக்கு 10,800 யூரோ அபராதம் விதித்தது.

இதுவரை யார் யார் ஜெயித்திருக்கிறார்கள்?

அமெரிக்கா 1991, 1999, 2015, 2019. ஜெர்மனி 2003, 2007. நார்வே 1995, ஜப்பான் 2011, ஸ்பெயின் 2023. பிரேசில் இந்தப் பட்டியலில் இல்லை. 2023 வரையிலான கணக்கில் 17 கோலோடு ஆண்கள், மகளிர் இருபாலரிலும் உலகக் கோப்பையில் அதிக கோல் அடித்த மார்த்தா பிறந்த நாடு அது.

உடையில் என்ன கட்டுப்பாடு? ஹிஜாப் அணியலாமா?

அணியலாம். 2014-லேயே விதி மாறிவிட்டது. 2023-ல் மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபோடு ஆடினார். இளையோருக்கான போட்டிகளை விட்டுவிட்டால், உலகக் கோப்பையில் அவர்தான் முதல்.

இன்னொரு மாற்றம் டிவியில் பார்ப்பவர்கள் கவனிக்காதது. மாதவிடாய் நாட்களில் வெள்ளை ஷார்ட்ஸ் போட்டு ஆடுவது எவ்வளவு பதற்றம் என்று ஆட்டக்காரர்கள் பல ஆண்டுகள் சொல்லி வந்தார்கள். 2023-க்கு நியூசிலாந்து வெள்ளை ஷார்ட்ஸையே கைவிட்டது. இங்கிலாந்து வெள்ளைச் சட்டையோடு நீல ஷார்ட்ஸுக்கு மாறியது.